கடலடி அமுதம் யாருக்கு?

பாற்கடல் கடைந்த கதையைக் கேளாத தமிழ்ப்பிள்ளை இல்லை. மந்தரமலை மத்தாயிற்று, வாசுகி கயிறாயிற்று, தேவரும் அசுரரும் இரு புறமும் நின்று இழுத்தனர். முதலில் நஞ்சு எழுந்தது. பின்னர்ப் பல செல்வங்கள் எழுந்தன. ஈற்றில் மருத்துவக் கடவுளாகிய தன்வந்திரி அமுதகலசத்தைக் கையிலேந்தி வெளிப்பட்டான். கடைந்தவர் இரு சாரார். பருகியவரோ ஒரு சாரார். வகுப்பில் இக்கதையைச் சொல்லுந்தோறும் பின்வாங்கில் இருக்கும் மாணவன் ஒருவனாவது, "கயிறு இழுத்தவர்களுக்கு ஏன் சேர் கொடுக்கவில்லை?" என்று கேட்கத் தவறுவதில்லை. புராணம் அதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. அவ்விடை அந்த மாணவனுக்குப் போதுவதில்லை.

அதே கேள்வியை நம் காலத்துக் கடலை முன்வைத்துக் கேட்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நம் காலத்திலும் கடல் கடையப்படுகிறது. சூரிய ஒளி எட்டாத ஆழத்திலும், உலோகத்தை உருக்கும் வெப்பம் பீறிடும் பிளவுகளிலும், மலைபோன்ற நீரழுத்தத்தின் கீழும் வாழும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணங்கிகளிடத்தில் மருந்துகள் தேடப்படுகின்றன. இத்தேடலின் வரலாறு விஞ்ஞானத்தின் வரலாறு மட்டுமன்று, உடைமையின் வரலாறுமாகும்.

இத்தேடல் எழுந்த காரணத்தை முதலில் நோக்குவோம். பெனிசிலின் 1928 இல் ஒரு பூஞ்சணத்திலும், ஸ்ரெப்டோமைசின் 1943 இல் மண்ணில் வாழும் நுண்ணங்கியொன்றிலும் கண்டறியப்பட்டன. பின்வந்த இருபதாண்டுகளில் உலகின் பல பாகங்களிலும் மண்ணை அள்ளி ஆராய்ந்து ஒன்றன்பின் ஒன்றாக மருந்துகள் எடுக்கப்பட்டன. ஆனால் மண்ணும் வற்றும் கிணறுதான். அதே பொருள்கள் மீண்டும் மீண்டும் அகப்படலாயின. மறுபுறம், மருந்துக்குப் பணியாத நோய்க்கிருமிகள் பெருகின. 2019 ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்களே நேர்க்காரணமாகி உலகெங்கும் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் மக்கள் இறந்தனர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. இப்பின்னணியிலேயே விஞ்ஞானிகள் நிலத்தை விட்டுக் கடலை நோக்கினர். கடலடிச் சேற்றில் ஒரு கரண்டியளவை எடுத்தாலும் அதில் கோடிக்கணக்கான நுண்ணங்கிகள் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு இன்னும் பெயர்கூட இல்லை.

கழிவுநீர் வாயில் பிறந்த மருந்து

கடல் தந்த மருந்தின் கதை ஆழ்கடலில் தொடங்கவில்லை. ஒரு நகரின் கழிவுநீர் வாயிலே தொடங்கியது.

1945 ஆம் ஆண்டு. இத்தாலிக்குரிய சாடீனியாத் தீவின் தலைநகரான கல்யாரி, இரண்டு ஆண்டுகளுக்கு முன் வீழ்ந்த குண்டுகளால் சிதைந்து கிடந்தது. நெருப்புக்காய்ச்சல் அங்கு நிலைத்த நோயாக இருந்தது. அந்நகர்ப் பல்கலைக் கழகத்தில் சுகாதாரவியற் பேராசிரியராயிருந்தவர் ஜுசெப்பே புரொட்சு. நகரத்துக் கழிவுநீர் முழுவதும் சு சிக்கு என்னும் இடத்தில் நேரே கடலிற் கலந்தது. அக்கடலிலேயே இளைஞர் குளித்தனர். அங்குப் பிடித்த மட்டியைப் பச்சையாக உண்டனர். இருந்தும் எதிர்பார்க்கக்கூடிய அளவுக்கு நோய் அவர்களைப் பற்றவில்லை என்பதைப் புரொட்சு கவனித்தார். கழிவின் கிருமிகளை அழிக்கும் ஏதோவொன்று அந்நீரில் இருத்தல் வேண்டும் என்று கருதி நீரை எடுத்து ஆராய்ந்தார். செபலோஸ்போரியம் அக்கிரிமோனியம் என்னும் பங்கசு அகப்பட்டது. அது சுரந்த பொருள் நெருப்புக்காய்ச்சற் கிருமி உட்படப் பல கிருமிகளைத் தடுத்தது.

புரொட்சுவிடம் போதிய கருவிகள் இல்லை, பணமும் இல்லை. மருந்துக் கம்பனியின் ஆதரவை நாடியும் பயன் கிட்டவில்லை. சுத்திகரியாத வடிநீரையே நோயாளர் சிலருக்குக் கொடுத்துப் பார்த்துத் தம் முடிவுகளை 1948 இல் தமது நிலையத்தின் சிறிய வெளியீடொன்றில் அச்சிட்டார். வசதி படைத்த வேறு நிலையங்கள் இவ்வேலையைத் தொடரவேண்டும் என்பதே அவர் எதிர்பார்ப்பு. தம் கண்டுபிடிப்பைப் பூட்டிவைக்க அவர் எண்ணவில்லை. அவரைப் புரட்சியாளர் என்று போற்றுவது பொருந்தாது. பாசிச ஆட்சிக் காலத்தில் அப்பல்கலைக் கழகத்தின் தலைமைப் பதவியில் இருந்தவர் அவர். போருக்குப் பின் கிறித்தவ சனநாயகக் கட்சியின் அரசியல்வாதியாக விளங்கியவர். எனினும் நோய்த்தடுப்பு ஊரின் பொதுக் காரியம், அதில் கண்ட உண்மையும் ஊருக்குரியது என்னும் மரபு அவரிடத்தில் இருந்தது.

போர்க்காலத்திற் சாடீனியாவில் கடமையாற்றிய பிரித்தானிய வைத்தியர் ஒருவரின் வழியாகச் செய்தி ஒக்ஸ்போட்டை எட்டியது. 1948 இல் பங்கசின் மாதிரி அங்கு அனுப்பப்பட்டது. எட்வேட் ஏபிரகாம், கை நியூற்றன் என்னும் இருவரும் பல ஆண்டுகள் உழைத்தனர். 1953 இல் செபலோஸ்போரின் சீ என்னும் பொருள் மிகச் சிறிய அளவிற் பிரித்தெடுக்கப்பட்டது. பெனிசிலினை அழிக்கும் நொதியத்தைச் சுரந்து தப்பிக்கொண்ட கிருமிகள் இதனை அழிக்க இயலாது திணறின. அதன் மூலக்கூற்றின் வடிவத்தை 1961 இல் ஊடுகதிர்ப் படங்களின் துணையால் உறுதிசெய்தவர்களுள் ஒருவர் டொரதி ஹொட்ஜ்கின். சமாதான இயக்கத்தில் வாழ்நாள் முழுதும் நின்ற அம்மையார் அவரேயாவர். 1964 இல் இக்குடும்பத்தின் முதல் மருந்துகள் வைத்தியசாலைகளை எட்டின. இன்று நம் நாட்டு மருந்துச் சீட்டுகளில் அடிக்கடி எழுதப்படும் செபலெக்சின் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. காலிற் புண்ணோடு வரும் கமக்காரனுக்கு அக்குளிசையை எண்ணிக் கொடுக்கும்போது, அதன் மூதாதை ஒரு கழிவுநீர் வாயில் வாழ்ந்தது என்பதை யார் நினைக்கிறார்கள்?

இங்கு ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடல் அவசியம். பெனிசிலினை மருந்தாக்கிய ஒக்ஸ்போட் ஆய்வாளர்கள் அதற்கு ஆக்கவுரிமை பெறவில்லை. மருத்துவக் கண்டுபிடிப்பை விலைபேசுதல் அறமன்று என்பது அன்றைய பெரியோர் சிலரின் நிலைப்பாடு. 1941 இல் பெனிசிலின் அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அங்கு வளர்த்தெடுக்கப்பட்ட உற்பத்தி முறைகளுக்கு அங்குள்ளோர் ஆக்கவுரிமை பெற்றனர். கண்டுபிடித்த நாடே பின்னர் பணம் செலுத்த நேர்ந்தது. இக்கசப்பிலிருந்து பிரித்தானியா ஒரு பாடம் கற்றது. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகத் தேசிய ஆராய்ச்சி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம் என்னும் பொது நிறுவனம் அமைக்கப்பட்டது. செபலோஸ்போரினுக்கான ஆக்கவுரிமையைப் பெற்றது அந்நிறுவனமே. கம்பனிகள் அதற்குப் பணம் செலுத்தின. ஏபிரகாம் தம் பங்காக வந்த பெருந்தொகையைக் கல்விக்கும் ஆராய்ச்சிக்குமான நம்பிக்கை நிதியங்களாக்கினார். வெறுமனே கதவைத் திறந்து வைத்தால் வலியவன் புகுந்து கொள்வான். கதவைப் பூட்டித் திறப்பைப் பொதுமக்களின் கையிற் கொடுக்கவும் முடியும். செபலோஸ்போரினின் வரலாறு உணர்த்துவது இதனையே. ஆனால் ஒன்று: அப்பொதுமக்கள் பிரித்தானியப் பொதுமக்களே. கல்யாரி நகரம் அக்கணக்கில் இடம்பெறவில்லை.

இருளில் ஓர் உயிருலகம்

ஆழ்கடலடி வெறும் பாலைவனம் என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. ஒளியில்லாத இடத்தில் தாவரமில்லை. தாவரமில்லாத இடத்தில் மேலிருந்து விழும் எச்சங்களைத் தின்னும் சில உயிர்களே வாழமுடியும் என்பது பாடநூல் முடிவு. 1977 பெப்ரவரியில் இம்முடிவு தகர்ந்தது. கலாபகோஸ் தீவுகளுக்கு அருகில், ஏறத்தாழ 2,500 மீற்றர் ஆழத்தில், அல்வின் என்னும் நீர்மூழ்கிக் கலத்தில் இறங்கிய அமெரிக்க விஞ்ஞானிகள் கடலடிப் பிளவுகளில் இளஞ்சூடான நீர் ஊறுவதைக் கண்டனர். அவ்விடமெங்கும் பெரிய சிப்பிகளும், நண்டுகளும், செந்நிறத் தலையுடைய நெடிய குழாய்ப்புழுக்களும் செறிந்திருந்தன. சென்றவர் புவியியல் ஆய்வாளர். உயிரியலாளர் ஒருவரும் அக்கப்பலில் இல்லை. எடுத்த உயிர்களைப் பதப்படுத்தப் போதிய மருந்து இல்லாமையால் பனாமாவில் வாங்கிய உருசிய வொட்காவையும் பயன்படுத்தினர் என்பர்.

அவ்வுயிருலகின் அடித்தளம் நுண்ணங்கிகளே. புவியின் உள்ளிருந்து வரும் ஐதரசன் சல்பைட்டிலிருந்து அவை சக்தியைப் பெற்று உணவாக்குகின்றன. 1979 இல், பசிபிக் சமுத்திரத்தின் வேறோரிடத்தில், ஏறத்தாழ 380 பாகை செல்சியசு வெப்பத்தில் கரும்புகை போன்ற நீரைக் கக்கும் கடலடிப் புகைபோக்கிகள் காணப்பட்டன. மேலுள்ள நீரின் பேரழுத்தம் அந்நீரைக் கொதிக்கவிடுவதில்லை. 2000 ஆம் ஆண்டில் யப்பானிய ஆய்வாளர் நமது இந்து சமுத்திரத்தின் நடுமுகட்டிலும் இத்தகைய ஊற்றுகளைக் கண்டனர்.

மருந்து தேடுவோர் இத்தகைய இடங்களை நாடுவதற்குக் காரணம் உண்டு. சாதாரணப் புரதம் வெப்பத்தில் முட்டைவெண்கரு போல உறைந்து கெடும். கொதிநீரில் வாழும் உயிரின் புரதம் கெடுவதில்லை. பல்லாயிரம் மீற்றர் நீரின் கீழ் வாழும் உயிரின் கலமென்சவ்வும் வேறுவகையில் அமைந்திருத்தல் வேண்டும். நகரமுடியாத நுண்ணங்கி அயலானோடு இடத்துக்கும் இரைக்கும் போட்டியிடும்போது அதன் ஆயுதம் இரசாயனமே. சூழல் புதிதாயின் ஆயுதமும் புதிதாக இருக்கலாம் என்பதே எதிர்பார்ப்பு.

சட்டத்தின் மௌனம்

கடலடியில் உயிர் கண்டறியப்பட்ட அதே ஆண்டுகளில், கடலடி யாருக்குரியது என்ற வழக்கு உலக அரங்கில் நடந்து கொண்டிருந்தது. அவ்வரங்கின் தலைமை ஆசனத்தில் அமர்ந்திருந்தவர் ஓர் இலங்கையர்.

1967 நவம்பர் 1 ஆம் திகதி, மால்ற்றாவின் பிரதிநிதி ஆர்விட் பார்டோ ஐக்கிய நாடுகள் சபையில் நீண்ட உரையொன்றை ஆற்றினார். நாடுகளின் எல்லைக்கு அப்பாலுள்ள கடலடி மனித குலத்தின் பொது முதுசொம் ஆதல் வேண்டும் என்பது அவ்வுரையின் சாரம். இதனை ஆராய அமைக்கப்பட்ட கடலடிக் குழுவின் தலைவரானவர் இலங்கையின் இராசதந்திரி ஹமில்டன் ஷேர்லி அமரசிங்க. பொது முதுசொம் என்னும் கொள்கையை 1970 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை பிரகடனஞ் செய்தது. 1973 இல் தொடங்கிய கடற்சட்ட மாநாட்டுக்கும் அமரசிங்கவே தலைவரானார். இலங்கையில் 1977 இல் ஆட்சி மாறியது. அடுத்த ஆண்டு தம் நாட்டுத் தூதுக்குழுவில் அவர் இடம்பெறவில்லை. அப்பொழுதும், சில நாடுகளின் எதிர்ப்பையும் மீறி, மாநாடு அவரையே தலைவராக வைத்துக் கொண்டது. 1980 டிசம்பரில் அவர் காலமாகும்வரை அப்பதவியில் இருந்தார்.

குடியேற்ற ஆட்சியிலிருந்து புதிதாக விடுபட்ட நாடுகள் அம்மாநாட்டிற் பெரும்பான்மையாக இருந்தன. நிலத்தின் செல்வத்தை இழந்தோம், கடலின் செல்வத்தையேனும் இழக்கலாகாது என்ற உணர்வு அவற்றிடம் இருந்தது. ஆனால் அன்று செல்வம் எனக் கருதப்பட்டது கடலடியில் உருளைக்கிழங்கு போலச் சிதறிக்கிடக்கும் மங்கனீசுக் கட்டிகளே. 1982 டிசம்பர் 10 இல் யமேக்காவில் கையெழுத்தான சமவாயத்தின் 133 ஆம் உறுப்புரை, 'வளங்கள்' என்பது திண்ம, திரவ, வாயு நிலையிலுள்ள கனிய வளங்களையே குறிக்கும் என வரையறுத்தது. கல் பொதுவாயிற்று. கல்லின்மேல் வாழும் உயிரைப் பற்றிச் சட்டம் வாய்திறக்கவில்லை.

இம்மௌனத்தைச் சதி என்று சொல்வதற்கில்லை. வெந்நீரூற்றின் செய்தி அன்று விஞ்ஞான ஏடுகளில் புதுமையாகவே இருந்தது. நுண்ணங்கியின் உயிர்க்கூறு விலைபெறும் சரக்காகும் என்பதைச் சட்டவறிஞர் உணரவில்லை. ஆனால் மாநாடு நடந்து கொண்டிருக்கும்போதே, 1980 யூனில், அமெரிக்க உயர்நீதிமன்றம் ஒரு தீர்ப்பை அளித்தது. எண்ணெய்க் கழிவைச் சிதைக்கும்படி மாற்றியமைக்கப்பட்ட பற்றீரியா ஒன்றுக்கு அதனை உருவாக்கிய விஞ்ஞானி ஆனந்த சக்கரவர்த்தியின் பெயரில் ஆக்கவுரிமை கோரப்பட்டிருந்தது. உயிருள்ள நுண்ணங்கியும் ஆக்கவுரிமைக்கு உட்படும் என்று ஐவர் ஆதரிக்க நால்வர் எதிர்க்கத் தீர்ப்பாயிற்று. ஒரு மண்டபத்தில் கடலடியைப் பொதுவாக்கும் விவாதம் நடந்து கொண்டிருந்தபோதே, வேறொரு மண்டபத்தில் உயிரைத் தனியுடைமையாக்கும் வாயில் திறக்கப்பட்டது. இரண்டையும் இணைத்து நோக்கியோர் அன்று மிகச் சிலரே.

பொது முதுசொத்துக்குள் அடங்காதது பெருங்கடலின் சுதந்திரத்துக்குள் அடங்கும். அதாவது, யாரும் எடுக்கலாம். ஊர்க் கிணற்றில் தண்ணீர் அள்ளும் உரிமை எல்லாருக்கும் உண்டு, ஆனால் துலாவும் பட்டையும் இரண்டொரு வீட்டாரிடமே உண்டு என்றால், அவ்வுரிமையின் பெறுமதி என்ன? ஆழ்கடலுக்கு மனிதரை இறக்கவல்ல கலங்களையுடைய நாடுகளை இன்றும் கைவிரல்களில் எண்ணிவிடலாம்.

சேற்றுக்கும் குளிசைக்கும் இடையில்

கடையப்பட்டதில் இதுவரை எழுந்தது என்ன?

முதலில் எழுந்தவை நொதியங்கள். 1986 இல் ஜேர்மனியரான காள் ஸ்ரெற்றரும் அவர்தம் துணைவரும், இத்தாலியின் வுல்கானோத் தீவுக் கரையில் சூடேறிய கடற்சேற்றில் 100 பாகை வெப்பத்தில் செழித்து வளரும் நுண்ணங்கியொன்றை விவரித்தனர். அதன் நொதியம் டி.என்.ஏ. இழையைப் பிழையின்றிப் படியெடுக்க இன்று ஆய்வுகூடங்களிற் பயன்படுகிறது. இதற்கு முன்னோடி கடலில் அன்றி நிலத்திற் கிடைத்தது. அமெரிக்காவின் யெலோஸ்ரோன் தேசியப் பூங்காவின் வெந்நீர்ச் சுனையில் 1966 இல் எடுக்கப்பட்ட நுண்ணங்கியின் நொதியமே, டி.என்.ஏ. பெருக்கும் முறையை நடைமுறைக்கு எளிதாக்கியது. அம்முறைக்கான உரிமை 1991 இல் 30 கோடி டொலருக்குக் கைமாறியது. அந்நுண்ணங்கியை ஈந்த பொதுப் பூங்காவுக்கு அதில் ஒரு சதமும் இல்லை.

அடுத்து மருந்துக்குரிய மூலக்கூறுகள் வந்தன. யப்பான் கடலில் 289 மீற்றர் ஆழத்துச் சேற்றிலிருந்த நுண்ணங்கியொன்றிலிருந்து அபிசோமைசின் என்னும் பொருள் பெறப்பட்டு 2004 இல் அறிவிக்கப்பட்டது. பற்றீரியாக்கள் உயிர்ச்சத்து ஒன்றை ஆக்கும் வழியை அது அடைக்கிறது. மனித உடலில் அவ்வழியே இல்லை. உலகின் மிக ஆழமான மரியானாக் குழியின் அடியில், 10,898 மீற்றர் ஆழத்தில், யப்பானியக் கருவி அள்ளிய சேற்றிலும் உயிர் இருந்தது. அதிலிருந்து வளர்த்த நுண்ணங்கியொன்றின் நிறப்பொருள்கள் 2010 இல் விவரிக்கப்பட்டன.

இவற்றுள் மிக நெடுந்தூரம் வந்தது சலினோஸ்போராமைட்டு. கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் சமுத்திரவியல் நிலையத்தைச் சேர்ந்த வில்லியம் பெனிக்கல், போல் ஜென்சன் ஆகியோர் பகாமாத் தீவுகளின் கடற்சேற்றில், உப்புநீரின்றி வளராத நுண்ணங்கியினம் ஒன்றைக் கண்டனர். கடலில் உள்ளவை நிலத்திலிருந்து அடித்துச் செல்லப்பட்டவையே என்ற பழைய கருத்து அதனால் வலுவிழந்தது. அது சுரந்த பொருள் 2003 இல் அறிவிக்கப்பட்டது. கலத்தின் பழுதடைந்த புரதங்களைச் சிதைக்கும் பொறியை அது நிரந்தரமாகப் பூட்டிவிடுகிறது. கழிவு தேங்கிப் புற்றுநோய்க்கலம் மடிகிறது. 2006 இல் நோயாளரிடம் பரிசோதனை தொடங்கியது. உப்புநீரில் வளர்த்து மருந்தாக்கத் தனி முறைகள் வகுக்க வேண்டியிருந்தது. உரிமை கம்பனி கம்பனியாக மாறியது. ஈற்றில் மூளைப் புற்றுநோய்க்கான மூன்றாங் கட்டப் பரிசோதனையில், அம்மருந்து நோயாளரின் ஆயுளை நீட்டவில்லை என்று தெரிந்தது.

ஆழ்கடல் நுண்ணங்கி ஒன்றிலிருந்து பிறந்த குளிசை இன்றும் மருந்துக்கடைத் தட்டை எட்டவில்லை. இதனை ஒளிப்பது நேர்மையாகாது. கம்பனிகளின் தரப்பு வாதமும் இங்குதான் வலுப்பெறுகிறது. நூறு பொருள்களில் ஒன்று தேறுவதே அரிது; அதற்குச் செலவிடும் பணத்துக்கு உரிமைப் பாதுகாப்பு இல்லையேல் யார் முன்வருவர் என்று அவை கேட்கின்றன. கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்கு இரு பதில்கள் உள்ளன.

ஒன்று: தொடக்கத்துச் செலவையும் தொடக்கத்து நட்டத்தையும் தாங்கியவர் எவர்? அல்வின் அமெரிக்கக் கடற்படைக்குரிய கலம். ஸ்கிரிப்ஸ் அரசாங்கப் பல்கலைக் கழகத்தின் அங்கம். மரியானாக் குழியில் இறங்கிய கருவி யப்பானிய அரச நிறுவனத்தினுடையது. இவையாவும் மக்கள் செலுத்திய வரியால் நடந்தவை. கயிற்றின் ஒரு தலைப்பைப் பொதுமக்கள் நெடுநேரம் இழுத்த பின்னரே மற்றவர் வந்து மறு தலைப்பைப் பிடித்தனர்.

மற்றது: இலாபம் வழிகாட்டினால் உலகுக்கு அவசரமாக வேண்டிய மருந்து வருமா? கிருமிக்கொல்லியை நோயாளி ஏழெட்டு நாள்களே உண்கிறான், குணமடைந்ததும் நிறுத்திவிடுகிறான். நல்ல புதிய மருந்தாயின் கிருமி அதற்குப் பழகாதபடி அதை அரிதாகவே பயன்படுத்தும்படி வைத்தியர் சொல்வர். நோயாளிக்கு நன்மையான இவையெல்லாம் வியாபாரிக்கு நட்டம். பெருங்கம்பனிகள் பல இத்துறையைக் கைவிட்டன. 2018 இல் புதிய கிருமிக்கொல்லி ஒன்றுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற அக்கேயோஜென் என்னும் கம்பனி 2019 ஏப்ரிலில் முறிவடைந்தது. விஞ்ஞானம் வென்றது, சந்தை தோற்றது.

எழுத்துத் தொடராகிய உயிர்

இன்னுமொரு மாற்றம் ஆழ்ந்து நோக்கற்பாலது. கடல் நுண்ணங்கிகளிற் பெரும்பாலானவை ஆய்வுகூடத் தட்டில் வளர்வதில்லை. ஆகவே இன்று சேற்றிலுள்ள டி.என்.ஏ. முழுவதையும் நேரே வாசித்து, அதன் எழுத்துத் தொடரைக் கணினியிற் பதிந்துவிடுகின்றனர். அத்தொடரைப் பார்த்து வேறொரு நுண்ணங்கியைக் கொண்டு அதே பொருளை ஆக்குவிக்கலாம். உடைமைப் பொருள் இப்பொழுது சேறன்று, உயிருமன்று, எழுத்துத் தொடர். பொதுக் கப்பல் அள்ளிவந்து பொதுக் களஞ்சியத்தில் வைத்த தொடரைக் கடலின் மணத்தையே அறியாத ஒருவர் எடுத்து உரிமை கோரமுடியும்.

2018 இல் வெளியான ஆய்வொன்று இவ்வுடைமையின் கணக்கைத் தந்தது. 862 கடலுயிரினங்களின் 12,998 தொடர்கள் ஆக்கவுரிமைகளில் இடம்பெற்றிருந்தன. அவற்றில் 84 வீதம் கம்பனிகளுடையவை, ஜேர்மனியின் பி.ஏ.எஸ்.எப். என்னும் ஒரே கம்பனிக்கு 47 வீதம். பத்து நாடுகளின் நிறுவனங்களுக்கே ஏறத்தாழ 98 வீதம். இவையெல்லாம் மருந்துக்குரியவை அல்ல. எல்லாம் ஆழ்கடலிலிருந்து வந்தவையுமல்ல. எனினும் ஏகபோகம் எவ்வளவு விரைவில் அமைகிறது என்பதற்கு இக்கணக்கு போதும். அமுதம் எழுமுன்னரே கலசத்திற் பெயர் பொறிக்கப்பட்டுவிட்டது.

1982 இன் மௌனத்தைக் கலைக்க நாடுகளுக்கு நெடுங்காலம் பிடித்தது. 2004 இல் ஐக்கிய நாடுகள் சபை இதற்கெனச் செயற்குழுவை அமைத்தது. வளர்முக நாடுகள் பொது முதுசொம் என்றன; வல்லரசுகள் பெருங்கடற் சுதந்திரம் என்றன. 2023 மார்ச்சில் உடன்பாடு கண்டு, யூன் 19 இல் ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. 2025 செப்டெம்பரில் அறுபது நாடுகளின் ஒப்புறுதி நிறைவுற்று, 2026 ஜனவரி 17 இல் அது நடைமுறைக்கு வந்தது. நாடுகளின் எல்லைக்கு அப்பாலுள்ள கடலின் உயிர்க்கூறுகளை எந்த நாடும் தன்னதெனக் கோரமுடியாது. அங்கு எடுப்பதை அறிவித்தல் வேண்டும். மாதிரிகளாலும் எழுத்துத் தொடர்களாலும் வரும் பயன், பணப்பயன் உட்படப் பகிரப்படல் வேண்டும் என்பன அதன் விதிகள். அதே வேளையில், முதுசொத்துக் கொள்கையும் ஆராய்ச்சிச் சுதந்திரமும் அருகருகே எழுதப்பட்டுள்ளன. ஆக்கவுரிமையின்மீது அது நேரே கைவைக்கவில்லை. பழைய வழக்கு தீரவில்லை. ஆனால் 1982 இற் கல்லுக்கு மட்டும் இருந்த பொதுமை, இன்று உயிருக்கும் ஓரளவு கிடைத்துள்ளது.

அவ்வளவிலேயே நாம் திருப்தியடையலாமா? பங்கு தருவதாகச் சட்டம் சொன்னால் மட்டும் பங்கு வந்துவிடாது. வாங்கிப் பயன்படுத்தும் ஆற்றல் வேண்டும். 1971 இல் அமைக்கப்பட்ட அரசாங்க மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் பேராசிரியர் சேனக பிபிலே. வியாபாரப் பெயர்களை நீக்கி, மருந்தின் உண்மைப் பெயரில், மொத்தமாகக் கேள்விப்பத்திரம் கோரி வாங்கினால் ஏழை நாடும் நியாய விலையில் மருந்து பெறலாம் என்று அவர் காட்டினார். கடலடியில் வெந்நீரூற்று காணப்பட்ட 1977 ஆம் ஆண்டிலேயே அவர் காலமானார். அவர் கடலடியை ஆராய்ந்தவரல்லர். ஆயினும் மருந்து எங்கு பிறந்தாலும் அது நோயாளியின் கையை அடையும் வழியை மக்களின் அரசே அமைக்கவேண்டும் என்று செய்து காட்டினார். அவ்வழியில்லாத நாட்டுக்குக் கடலடி ஒப்பந்தம் காகிதமாகவே எஞ்சும்.

நமது பாடசாலைகளில் விஞ்ஞானத்தை ஓர் ஆசிரியரும் வரலாற்றை மற்றோர் ஆசிரியரும் கற்பிக்கிறோம். ஐதரசன் சல்பைட்டு ஒரு பாடத்திலும், சர்வதேசச் சமவாயம் வேறொரு பாடத்திலும் கிடக்கின்றன. இரண்டும் சந்திக்கும் இடத்திலேதான் மருந்தின் விலை தீர்மானிக்கப்படுகிறது. 1977 இல் கலாபகோசுக்குச் சென்ற கப்பலில் உயிரியலாளர் இல்லை. 1982 இல் சட்டம் எழுதியோரிடையே உயிரின் பெறுமதியை எடுத்துரைக்கும் குரல் ஓங்கவில்லை. அவ்விடைவெளியின் விலையை நாற்பதாண்டுகளுக்கு மேலாக ஏழை நாடுகள் செலுத்தின. அடுத்த தலைமுறை இரண்டையும் ஒருங்கே அறிந்திருத்தல் வேண்டும். பின்வாங்கு மாணவனின் கேள்விக்குப் புராணத்தின் விடையை மட்டும் சொல்லி அவனை இருத்திவிடாமல், இவ்வரலாற்றையும் சொல்லி வைப்பது ஆசிரியராகிய நம் கடமை.